படத்தில் இருப்பதை மட்டும்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல் படங்களுக்கு விவரணை எழுதும் எங்களுக்கு ஒரு கையேடு உண்டு. அதில் ஒரு வரி: படம் எதை ‘டிபிக்ட்’ (depict, உருவாகக் காட்டுதல்) செய்கிறதோ அதை எழுது; எதை ‘ரெப்ரசென்ட்’ (represent, குறித்து நிற்றல்) செய்வதாக உனக்குத் தோன்றுகிறதோ அதை எழுதாதே. இந்த வேலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் இதை ஏதோ ஒரு வடிவில் கேட்டிருப்பார்கள். நானும் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான். இன்றும் இதைப் பெரும்பாலும் நம்புகிறேன். ஆனால் பெஞ்சுப் படம் ஒன்று வந்துபோன பிறகு, ‘டிபிக்ட்’ என்ற சொல்லைக் கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிடுகிறேன்.

கறுப்பு வெள்ளைப் புகைப்படம். நீளமான பெஞ்சு. இடது ஓரத்தில் ஓர் ஆண், வலது ஓரத்தில் ஒரு பெண். நடுவில் ஒரு கைப்பை. அவர் மார்புக்குக் குறுக்கே கை கட்டியிருக்கிறார், பார்வை இடப்புறம். அந்தப் பெண் முழங்காலில் முழங்கையை ஊன்றித் தாடையைத் தாங்கியிருக்கிறார், பார்வை வலப்புறம். படத்தின் கீழே பயிற்சி: ‘இவர்களுக்கிடையே என்ன நடந்திருக்கும்? ஒரு பத்தி எழுதுக.’

என்னோடு வேலை செய்யும் பெண் எழுதிக் கொண்டுவந்த வரைவு இது: ‘சண்டை போட்டுக்கொண்ட கணவனும் மனைவியும் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள்.’

சண்டையை அடித்தேன், அது படத்தில் இல்லை. கணவன் மனைவி என்பதை அடித்தேன், அதற்கு எந்த அடையாளமும் இல்லை. கோபம் நம் ஊகம், அதையும் அடித்தேன். கடைசியில் நின்றது: ‘நீளமான பெஞ்சின் இரு ஓரங்களில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கைப்பை உள்ளது. ஆணின் கைகள் மார்பின் குறுக்கே உள்ளன, முகம் இடப்புறம் திரும்பியுள்ளது. பெண்ணின் ஒரு கை தாடையில் உள்ளது, முகம் வலப்புறம் திரும்பியுள்ளது.’ ஒவ்வொரு சொல்லையும் படத்தில் விரல் வைத்துக் காட்டலாம். எனக்கு அதில் நிறைவு இருந்தது.

எங்கள் விவரணைகளைக் கடைசியாகப் பார்ப்பவர் பிறவியிலேயே பார்வையற்றவர், என்னைவிட மூத்தவர். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், இந்தப் படத்தைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோணுச்சு?”

“ரெண்டு பேரும் சண்டை போட்டிருப்பாங்கன்னு தோணுச்சு, சார்.”

“யோசிச்சா தோணுச்சு?”

“இல்ல, பார்த்த உடனே.”

“நான் திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன். எனக்குத் தோணவே இல்லையே. ரெண்டு பேர் உக்காந்து எதையோ வேடிக்கை பார்க்குறாங்கன்னு நினைச்சேன்.”

நான் கையேட்டு வரியைச் சொன்னேன். சண்டை என்பது விளக்கம், படத்தில் இருப்பதைத்தான் நாம் தர வேண்டும் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “உங்களுக்கு உடனே கிடைச்சது படத்துல இல்லாம வேற எங்க இருந்து வந்துச்சு?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அப்போது நான் சொன்ன பதில் இன்னும் சரிதான் என்று நினைக்கிறேன்: “நம்ம அனுபவத்துல இருந்து, சார்.” அவரும் மறுக்கவில்லை. “அப்போ அந்த அனுபவம் எனக்கு இல்லன்னு சொல்றீங்களா? மனுஷங்க சண்டை போட்டா எனக்கும் தெரியும். முகத்தைத் திருப்பினா குரல் வேற பக்கம் போகும். படத்துல குரல் இல்ல. அதுக்குப் பதிலா எனக்கு என்ன குடுத்தீங்க?”

பதில் சொல்லாமல் என் இடத்துக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த வினைச்சொல்லையே குடைந்துகொண்டிருந்தேன்.

‘டிபிக்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘டீபிங்கெரே’ என்ற வினை, உள்ளே இருப்பது ‘பிங்கெரே’, அதாவது தீட்டுதல். ‘பெயின்ட்’, ‘பிக்சர்’, ‘பிக்மென்ட்’ எல்லாம் அதே குடும்பம். ஓவியனின் கை இந்தச் சொல்லுக்குள் எப்போதும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைப் பயன்படுத்தும் முறையும் கவனிக்கத்தக்கது. ‘டிபிக்ட்’டுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வரும்: ஒரு மனிதரை, ஒரு போர்க்களத்தை, ஒரு ஊரை டிபிக்ட் செய்யலாம். ‘தட்’ (that) போட்டு ஒரு முழு வாக்கியத்தைத் தொங்கவிட முடியாது. ‘தி கிராஃப் டிபிக்ட்ஸ் தட்’ என்று ஆங்கிலத் தேர்வுகளில் எழுதுகிறவர்கள் ஏராளம். அந்த இடத்தில் ‘ஷோஸ் தட்’ என்பதுதான் இயல்பு. ஆக, இந்த வினை ஒரு செய்தியைச் சொல்லாது, ஒரு பொருளைத்தான் முன்னால் வைக்கும். கையேடு எழுதியவர்கள் இதனால்தான் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் போலும். ‘ரெப்ரசென்ட்’ அப்படிப்பட்டதல்ல. வரைபடத்தில் நீலக் கோடு ஆற்றைக் குறிக்கும், உறுப்பினர் தொகுதியின் பிரதிநிதியாவார், வழக்கறிஞர் கட்சிக்காரர் சார்பில் நிற்பார், ஒப்பந்தத்தில் விற்பவர் ஒன்றை உண்மையென்று எடுத்துரைப்பார். இத்தனைக்கும் அந்த ஒரே வினை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்கும் வேலை எங்கிருந்தாலும் அங்கே அது வந்துவிடும். அதை விலக்கிவைத்ததில் நியாயம் உண்டு.

ஆனால் ‘டிபிக்ட்’டுக்கு ‘ஆஸ்’ (as) என்றொரு துணை இருக்கிறது. ‘தி மேன் டிபிக்டெட் இன் தி ஃபோட்டோ’ என்றால் புகைப்படத்தில் இருக்கிற ஆள், அவ்வளவுதான். ‘டிபிக்டெட் ஆஸ் எ வில்லன்’ என்றதும் வினையின் குணமே மாறிவிடுகிறது. யாரோ ஒருவர் தன் நோக்கத்தை அந்த ஆள்மேல் ஏற்றிவிட்டார் என்ற புகார் அதில் கேட்கிறது. தமிழில் ‘சித்தரித்தல்’ அநேகமாக இந்த இரண்டாவது பக்கமே சாய்ந்துவிட்டது. ‘என்னைக் குற்றவாளிபோலச் சித்தரிக்கிறார்கள்’ என்று செய்திகளில் படிக்கிறோம். ‘புகைப்படம் ஒரு பெஞ்சைச் சித்தரிக்கிறது’ என்று யாரும் பேசுவதில்லை. படத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது என்போம். கையேட்டைத் தமிழாக்கியபோது நாங்கள் ‘படத்தில் இருப்பதை எழுது’ என்று போட்டதும் இதனால்தான். அந்தச் சொற்கள் நேராக இருந்தன. தீட்டிய கையும் ‘ஆஸ்’ஸும் அதில் வரவில்லை என்பது பின்னால்தான் உறைத்தது.

படங்களைப் பற்றி யோசித்தவர்கள் இந்த இடத்தில் எப்போதுமே நின்று போயிருக்கிறார்கள். கலை வரலாற்றாளர் எர்வின் பானோஃப்ஸ்கி 1939-இல் எழுதியதில் ஓர் எளிய உதாரணம் வரும்: தெருவில் தெரிந்தவர் ஒருவர் தொப்பியை உயர்த்துகிறார். கண்ணில் படுவது ஓர் உருவத்தின் அசைவு. அதைத் தொப்பி, மனிதர் என்று அடையாளம் காண்பது அடுத்தது. அது வணக்கம் என்று புரிவதற்கு அந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். அவர் படிகளைப் பிரித்தார் என்பது உண்மை. ஆனால் பார்க்கிறவர் அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறுவதில்லை, வணக்கத்தைத்தான் பார்க்கிறார். இன்று விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கிதரவில் ‘டிபிக்ட்ஸ்’ என்றே ஒரு பண்பு உண்டு, எண் பி180. விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தின் படங்களில் 2019 முதல் அதை இணைக்கிறார்கள்: பூனை, பாலம், இன்ன மனிதர். தேடுவதற்கு அது அருமையான ஏற்பாடு. ஒரு குழந்தைக்குப் படத்தைச் சொல்ல அது போதாது என்பதையும் பார்த்தாலே தெரியும்.

மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி (WCAG) நெறிகளில் 1.1.1-ஆம் விதி, படத்துக்கு ஈடான பயனைத் தரும் மாற்று உரை வேண்டும் என்கிறது. படத்தில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை அது கேட்கவில்லை, பயனைக் கேட்கிறது. வெறும் அலங்காரமான படம் என்றால் விவரணையை வெறுமையாக விடுவதும் அதே நெறிகள் ஏற்கும் வழிதான். பெஞ்சுப் படத்தின் பயன் என்ன? ஒரு மாணவரின் கற்பனையைக் கிளறுவது. என் விவரணை அவரை வேடிக்கை பார்க்கிற இரண்டு பேரிடம் கொண்டுபோய் விட்டது என்றால், நான் எதைக் காப்பாற்றினேன்?

மறுபக்கமும் இருக்கிறது, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. பயிற்சியின் கேள்வியே ‘என்ன நடந்திருக்கும்’ என்பதுதான். ‘சண்டை போட்டுக்கொண்ட கணவனும் மனைவியும்’ என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் கேள்வி செத்துவிடும். பார்வையுள்ள மாணவர்களில் ஒருவர் அவர்களைத் துக்க வீட்டிலிருந்து வந்த அண்ணன் தங்கையாக்கலாம். இன்னொருவர் ஒருவரையொருவர் அறியாத இருவர் ஆக்கலாம். பார்வையற்ற மாணவருக்கு மட்டும் ஒரே கதை. விடையைச் சொல்லிவிடும் விவரணை உதவி ஆகாது. இதை அந்த மூத்தவரிடம் சொன்னபோது, “அது சரி, அதை நான் கேக்கல” என்றார். என்னுடைய தயக்கம் முழுவதும் இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் கிடக்கிறது: அவர் கேட்டது விடையல்ல, அந்த உடனடித் தோன்றல். அதை எந்தச் சொல்லில் கொடுப்பது?

கொடுக்கும் சொல் வரைவிலேயே இருந்தது. ‘முகத்தைத் திருப்பிக்கொண்டு.’ கோபத்தை அடித்த அதே கையால் நான் இதை ‘முகம் திரும்பியுள்ளது’ என்று மாற்றியிருந்தேன். திரும்புவது தானாக நடப்பது, திருப்புவது ஒருவர் செய்வது. அதோடு ‘கொள்’ சேர்ந்ததும் அது தனக்காக, மனமறிந்து செய்ததாகிவிடுகிறது. கை கட்டியிருத்தலும் கையைக் கட்டிக்கொள்ளுதலும் ஒன்றல்ல. கோபம் என்ற சொல்லே இல்லாமல் ஊடலையும் பிணக்கையும் தமிழ் இப்படித்தான் சொல்லிவந்திருக்கிறது. ‘முகத்தைத் திருப்பிக்கொண்டார்’ என்பது கண்ணால் பார்த்த செயலா, மனத்தைப் பற்றிய செய்தியா? இரண்டும். கையேட்டின் கோடு சரியாக இந்தச் சொல்லின் நடுவே ஓடுகிறது.

அப்படியென்றால் ‘திரும்பியுள்ளது’ நடுநிலையான சொல்லா? அதுவும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒருவர் கழுத்தைத் தன் விருப்பத்தோடு திருப்பியிருக்கும்போது, அது தானாகத் திரும்பியதுபோல எழுதுவதும் ஒரு சாய்வுதான். ஒன்றுமே நடக்காததுபோல டிபிக்ட் செய்திருக்கிறேன், ‘ஆஸ்’ஸோடு சேர்த்து.

வரைவை எழுதிய பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு வேறொன்றைத் தூக்கிப் போட்டாள். “அக்கா, கணவன் மனைவின்னு எழுதினதை அடிச்சீங்க. ஆண், பெண்ணுன்னு நீங்க எழுதியிருக்கீங்களே, அது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?” முடியையும் உடையையும் வைத்துத்தான். அதில் ஊகம் இல்லை என்று நான் நினைத்ததுகூட இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியே எனக்குள் எழவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்து, அந்த இரண்டு சொற்களையும் அப்படியே விட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் முதலில் கிடைப்பது அதுதான் என்பது என் காரணம். அதே காரணத்தைச் சொன்னால் சண்டையையும் உள்ளே விட வேண்டுமே என்று அவள் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் போன விவரணை இது: ‘நீளமான பெஞ்சின் இரு ஓரங்களில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கைப்பை. அவர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கமும், அந்தப் பெண் தாடையில் கை வைத்துக்கொண்டு மறுபக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.’ பரிசீலனையில் கேட்டவர் “இப்ப தெரியுது” என்று மட்டும் சொன்னார். எது தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. அவர் ஒன்றைச் சொல்லி, அது சண்டையாகவே இருந்தால் விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்றல்லவா பொருள்?

கையேட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது. மாற்றலாமா என்று அவள் கேட்டபோது வேண்டாம் என்றேன். புதிதாக வருகிறவர்களின் முதல் வரைவுகளை நான் பார்க்கிறேன். குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருக்கும் பெண் என்றால் ‘வறுமையில் வாடும் தாய்’ என்று வந்துவிடுகிறது. சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தால் ‘பரிதாபமாக’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொள்கிறது. இவற்றைத் தடுக்க அந்த வரி வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. வறுமையும் பரிதாபமும் அவர்களுக்கும் ‘பார்த்த உடனே’ தோன்றியவைதான் என்பதும் தெரிகிறது. என் உடனடித் தோன்றலுக்கு இடம் கொடுத்துவிட்டு அவர்களுடையதை எப்படி அடிப்பேன் என்பதற்கு, சண்டை கட்டிய கையில் இருக்கிறது, வறுமை தரையில் உட்கார்ந்ததில் இல்லை என்று சொல்லிப் பார்க்கிறேன். சில படங்களுக்கு அது நிற்கிறது. சிலவற்றுக்கு நிற்பதில்லை, அப்போது நானும் அவளும் வாதாடுகிறோம், பெரும்பாலும் பதவியால் நான் வெல்கிறேன்.

அந்தப் பாடத்தை யாரோ ஒரு பார்வையற்ற மாணவர் கேட்டிருப்பார், ஒரு பத்தி எழுதியிருப்பார். அதில் சண்டை இருந்ததா, துக்க வீடு இருந்ததா, இல்லை எனக்குத் தோன்றாத இன்னொன்றா என்பதை அதைத் திருத்திய ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும். எழுதிய விவரணை எந்த வகுப்புக்குப் போகிறது என்பது எங்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.