மாமாவுக்குக் கிடைத்த டிப்ஸ்

பெரிய மாமாவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நான் குதிரை ரேஸ் மைதானத்தில் டிராக் மேனேஜர் ஆனதிலிருந்து, குதிரைகள் ராத்திரியில் என்னிடம் வந்து யார் ஜெயிப்பது என்று கலந்து பேசிவிட்டுப் போவதாக நம்புகிறவர்.

நான் குதிரையின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். குளம்புக்குக் கீழே இருக்கும் சமாச்சாரம்தான் என் இலாகா. சுமார் 500 கிலோ உடம்பு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் புல் என்ன ஆகும்? ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் ஜனம் முழுக்க ஜெயித்த குதிரையைப் பார்த்துக் கத்தும். நான் ஆட்களோடு ஓடிப்போய்ப் பெயர்ந்த குழிகளில் மண்ணும் மணலும் விதையும் கொட்டிக்கொண்டிருப்பேன். தோற்ற குதிரையின் ட்ரெயினர் வந்து "டிராக் கல்லு மாதிரி இருக்கு" என்பார். ஜெயித்தவருக்கு அதே டிராக் பஞ்சு மெத்தை. ஒருவர் தண்ணீர் விடச் சொல்வார், இன்னொருவர் விட்டால் குதிரையை வாபஸ் வாங்குவேன் என்பார். இருவருக்கும் பொதுவாகக் கொஞ்சமாக விட்டால், அன்று சாயங்காலம் மழை கொட்டும். வீட்டில் ரோஜாத் தொட்டி காய்ந்து கிடப்பதைக் காட்டி என் மனைவி கேட்கும் கேள்விகளை இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். விடிகாலையில் பெனட்ரோமீட்டரோடு நின்றுகொண்டிருந்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கம்பியைத் தரையில் நிறுத்தி, ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் விழவிட்டு, கம்பி எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று பார்க்க வேண்டும். எண் கூடினால் தரை இளகியிருக்கிறது என்று அர்த்தம். டிராக்கைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மாமாவின் போன்.

"மாப்ளே, ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும்."

நான் பந்தயமும் கட்டக்கூடாது, டிப்ஸும் சொல்லக்கூடாது என்று வழக்கமான பாட்டைத் தொடங்குவதற்குள், நோட்டோடு நின்ற பையன் "சார், எவ்வளவு?" என்றான். போனைக் காதில் வைத்தபடியே "மூணு, ரெண்டு" என்று கத்தினேன். மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "புரிஞ்சுது மாப்ளே. போனை வை."

மூன்றாவது ரேஸில் இரண்டாம் நம்பர் குதிரை ஜெயித்துத் தொலைத்தது. அதுவும் சும்மா இல்லை, போட்டோ பினிஷ். கோட்டை முதலில் தொடுவது குளம்பா, ஜாக்கியின் தொப்பியா என்பதெல்லாம் கணக்கில்லை, மூக்குதான் கணக்கு. அந்த ஒரு மூக்கு எங்கள் குடும்பத்தில் என் மரியாதையை எங்கோ கொண்டுபோய்விட்டது. ஆறு வருடமாகப் பேசாத சின்னப் பெரியப்பா நலம் விசாரிக்கிறார். பத்தாவது படிக்கும் மச்சினன் மகன் பரீட்சையில் என்ன கேள்வி வரும் என்று கேட்கிறான்.

அது 3.2, தரை எவ்வளவு இளகியிருக்கிறது என்கிற அளவு மாமா என்று விளக்கினேன். ரேஸ் நாள் காலையில் அந்த எண்ணை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுவோம், அதில் ரகசியம் எதுவும் இல்லை என்றும் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. ஊருக்கே தெரியும்படி தனக்கு மட்டும் சேதி அனுப்புகிற என் சாமர்த்தியத்தில் அவர் மெய்மறந்துவிட்டார்.

இன்று காலை அளவு 3.8. அறிவிப்பு வெளியானதுமே போன்.

"மாப்ளே, மூணாவது ரேஸ்ல மொத்தமே ஏழு குதிரைதானே ஓடுது?"

"ஆமா மாமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எட்டாவதை எப்போ உள்ள விடப்போறீங்க?"