மார்ச் வரை பொறுக்க வேண்டிய செடி

ஆகஸ்ட் 19

வீட்டை விற்பது தொடர்பான வழக்கறிஞரின் கடிதம் இன்றும் வரவில்லை, மழையும் இல்லை. காலையில் முதல் வேலையாக நோவி-பெல்ஜி இனத்து ஆஸ்டர் பூச்செடிகளின் அடியிலைகளைப் புரட்டிப் பார்த்தேன். வேலியோரத்துச் செடி ஒன்றில் மட்டும், கோலமாவு படிந்த விரலால் யாரோ தொட்டுவிட்டுப் போனதைப் போல இலை நடுவில் ஒரு வெண்திட்டு விழுந்திருக்கிறது. சாம்பல் நோய் ஈரத்தால் மட்டுமே வருவதென்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இந்த இனத்தில் வேர்மண் வறண்டு செடி களைத்துப்போகும்போதுதான் அது விரைந்து பரவுகிறது. ஆகவே இலைகளை நனைக்காமல், பூவாளியைத் தண்டின் அடியில் சாய்த்து, மண் ஆழம்வரை நனையும்படி ஊற்றினேன்.

ஆகஸ்ட் 23

கடிதம் இல்லை.

ஆகஸ்ட் 30

என் கணவரால் இன்று படியேற முடியவில்லை. கூடத்திலேயே படுக்கையைப் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் நோவே-ஆங்லியே இனத்து ஆஸ்டர் வரிசை நன்றாகத் தெரியும் என்பது ஓர் ஆறுதல். இந்த இனத்தின் இலைகள் சொரசொரப்பாக இருக்கும். சாம்பல் நோய் இவற்றை அநேகமாகத் தொடுவதில்லை. மே மாதக் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்ட தண்டுகள் இப்போது கிளைத்து, குச்சி எதுவும் ஊன்றாமலே நிமிர்ந்து நிற்க, வெட்டாமல் விட்டவை தோளுயரம் வளர்ந்து முன்பக்கம் சாய்கின்றன. அவற்றுள் ஆல்மா பாட்ஷ்கே என்ற வகையின் மொட்டுகளில் அந்த அடர்ந்த இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டது.

செப்டம்பர் 6

கடிதம் வந்துவிட்டது. அக்டோபர் 10 அன்று வீட்டை ஒப்படைக்க வேண்டும்.

மற்ற எல்லாவற்றுக்கும் வழி உண்டு. அமெல்லஸ் இனத்து ஆஸ்டருக்கு என்ன செய்வது? நோவி-பெல்ஜி வட அமெரிக்காவிலிருந்து வந்தது, ஈரத்துக்குப் பழகியது, எந்தப் பக்கம் வெட்டி எடுத்தாலும் ஓரத்து இளங்கன்றுகள் பிழைத்துக்கொள்ளும். அமெல்லஸோ ஐரோப்பாவின் சுண்ணாம்புச் சரிவுகளைச் சேர்ந்தது. அதன் அடிப்பகுதி மரம்போல் இறுகியிருக்கும். குளிர்காலத்தில் புதிய வேர் விடாது. இலையுதிர்காலத்தில் வெட்டிய காயத்தோடு நனைந்த மண்ணில் கிடந்தால் வசந்தத்துக்குள் அழுகிவிடும். வசந்தத்தில், புதுத்தளிர் அடியில் முளைவிடும்போது மட்டுமே அதைப் பெயர்க்கலாம். என்னிடம் இருப்பது கிங் ஜார்ஜ், 1914 முதல் தோட்டங்களில் இருந்துவரும் பழைய வகை. ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சள் வட்டம் பெரிதாகத் தெரியும் அந்தப் பூவை வேறு எதுவும் ஈடுசெய்வதில்லை. மன்ஷ் செடியைப் பற்றியும் கவலைதான். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிகார்ட் அமெல்லஸை இமயமலையின் தாம்சோனி ஆஸ்டரோடு இணைத்து உருவாக்கியது அது. பாதி உடம்பு அமெல்லஸ் என்பதால் அதுவும் வசந்தத்தையே கேட்கும்.

செப்டம்பர் 11

வீட்டோடு என்னென்ன விட்டுச்செல்கிறோம் என்று நிரப்பித் தரவேண்டிய படிவம் வந்திருக்கிறது. இங்கிலாந்துச் சட்டப்படி மண்ணில் வேரூன்றிய செடி நிலத்தைச் சேர்ந்தது. முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளாவிட்டால், நானே நட்ட செடியாயினும் நான் எடுத்துச்செல்ல முடியாது. ஒவ்வொரு ஆஸ்டரின் பெயரையும் எழுதினேன். கிங் ஜார்ஜுக்கு எதிரே மட்டும், "அடுத்த மார்ச்சில் வந்து எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறோம்" என்று எழுதினேன்.

செப்டம்பர் 17

அவரை மகள் பார்த்துக்கொண்டாள், கோல்வால் என்ற ஊருக்குப் போய்வந்தேன். மால்வர்ன் மலையடிவாரத்தில், 1906-இல் எர்னஸ்ட் பல்லார்ட் தொடங்கிய ஓல்ட் கோர்ட் நாற்றங்காலை ஒட்டிய பிக்டன் தோட்டத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இலையுதிர்கால ஆஸ்டர் வகைகள் உள்ளன. பல்லார்ட் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை நோவி-பெல்ஜியை மேம்படுத்துவதிலேயே செலவிட்டார். இன்று நாம் காணும் அடுக்கு இதழ்களும் செந்நிறங்களும் பெரும்பாலும் அந்த உழைப்பின் தொடர்ச்சி. லிட்டில் கார்லோ என்ற வகையின் முன்னால் நீண்ட நேரம் நின்றேன். இலையே தெரியாதபடி நீலம் மூடியிருந்தது. ஒவ்வொரு பூவிலும் ஒரு தேனீ இருந்தது. ஒன்று வாங்கிக்கொண்டேன். தொட்டியில் இருப்பதை எவரிடமும் கேட்காமல் கொண்டுபோகலாம்.

செப்டம்பர் 24

இரவெல்லாம் மழை பெய்தது. இனிச் சாம்பல் நோயைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

செப்டம்பர் 29

இன்று மைக்கேல்மஸ், புனித மைக்கேலின் திருநாள். முன்பு இந்நாட்டில் குத்தகைகள் முடிந்து, குடிகள் வீடு மாறிய நாட்களுள் இதுவும் ஒன்று. 1752-இல் நாட்காட்டியைத் திருத்தி பதினொரு நாட்களை நீக்கிய பிறகும், சிற்றூர்களில் பழைய மைக்கேல்மஸை அக்டோபர் 10 அன்று கடைப்பிடித்தார்களாம். எங்கள் நாளும் அதுவே. ஆல்மா பாட்ஷ்கே முழுவதும் மலர்ந்திருக்கிறது. சாயங்காலம் இதழ்களைச் சுருட்டிக்கொள்வதால் அவரை மதியமே சன்னலருகே உட்கார வைத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அந்த ஊதாவையும் எடுத்துக்கொண்டு போகிறோம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 4

நோவி-பெல்ஜி கட்டைகளின் நடுப்பகுதி மரத்துப்போயிருந்ததால் அதை ஒதுக்கிவிட்டு, ஓரத்திலிருந்த வெண்வேர்க் கன்றுகளை மட்டும் பிரித்துத் தொட்டிகளில் நட்டேன். பூத்திருந்த தண்டுகளை வெட்டக் கை வரவில்லை. ஆனாலும் வெட்டினேன், பூவைத் தாங்க வேருக்கு இப்போது வலுவில்லை.

அக்டோபர் 7

வாங்குபவர்கள் மார்ச்சைப் பற்றிப் பதில் எழுதவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிங் ஜார்ஜிடம் போனேன். சுற்றிலும் ஓர் அடி அகலம் விட்டு, வேரைத் தொடாமல், மண்ணோடு அப்படியே பெயர்த்துச் சரளை கலந்த பெரிய தொட்டியில் வைத்து, குளிர்காலம் முழுவதும் மழை படாத கூரையடியில் காத்தால் பிழைக்குமா என்று வெகுநேரம் யோசித்தேன். பிழைக்கவும் கூடும். ஆனால் களிமண் அவ்வளவு பெரிய பாளமாகப் பிளவுபடாமல் வராது. திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 9

இன்னும் பதில் இல்லை. தொட்டிகளை எல்லாம் வாசலில் வரிசையாக வைத்தாயிற்று. காலை எட்டு மணிக்கு வண்டி வருகிறது. அதற்குள் அவர்களை ஒருமுறை தொலைபேசியில் அழைத்துக் கேட்டாக வேண்டும்.