நட்சத்திரம் போட்ட ராஜா

ஃபின்லாந்தின் எஸ்போ நகரில் எங்கள் வீட்டுப் பக்கம் ‘குனிங்கான்தியே’ என்றொரு சாலை. தமிழில் ராஜபாட்டை எனலாம். துர்க்கு நகரிலிருந்து வீபுரி நகர் வரை போன பழைய பாதை. இரண்டு வருஷமாக அங்கே பஸ் பிடிக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. போன வாரம் செஸ் ஆடும்போது பையன், "அப்பா, உங்க குனிங்ஙஸ் மாட்டிக்கிச்சு" என்றான். குனிங்ஙஸ் என்றால் ஃபின்னிய மொழியில் ராஜா, சாலைப் பெயரிலும் அதே சொல்தான். தோற்ற கடுப்பில் அதைத் தோண்ட உட்கார்ந்தேன். (அந்த ‘ங்ங’ நம் ‘இங்ஙனம்’ல வருவதேதான். லீவ் லெட்டருக்குப் பிறகு இப்போதுதான் எனக்கு அது உதவுகிறது.)

அது ஃபின்னியச் சொல்லே இல்லை. ஆங்கிலம், ஜெர்மன் போன்றவற்றுக்கு மூதாதையான பழைய ஜெர்மானிய மொழியிடம் வாங்கிய கடன். ஆங்கிலத்தில் கிங், ஜெர்மனில் கோனிக், ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் கொனுங்ர். இவற்றை அருகருகே வைத்து அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம் *குனிங்கஃஸ். கடைசி ஒலி, மிருகக்காட்சிசாலையை ஆங்கிலத்தில் ‘ஜூ’ (zoo) என்கிறோமே, அதன் முதல் எழுத்து. முன்னாலுள்ள நட்சத்திரத்துக்கு, ‘இது எங்கும் எழுதிக் கிடைக்கவில்லை, கணித்தது’ என்று பொருள். அந்த வாலை ஆங்கிலமும் ஜெர்மனும் தின்றுவிட்டன, நார்ஸ் ‘ர்’ ஆக்கிக்கொண்டது. ஃபின்னியமோ 1500 வருஷத்துக்குக் குறையாமல் ‘அஸ்’ என்று பத்திரமாக வைத்திருக்கிறது. பெற்றவர்கள் தொலைத்த நகை கடன் வாங்கியவர் பெட்டியில் இருக்கிறது!

வால் வெறும் கணிப்பும் அல்ல. டென்மார்க்கின் கல்லஹூஸில் 1734இல் கிடைத்த தங்கக் கொம்பில், சுமார் கி.பி. 400இன் ரூன் எழுத்தில் (ஜெர்மானியர்களின் பழைய எழுத்து), ‘ஹோல்தியஃஸ்’ என்று அதே விகுதி இருந்தது. 1802இல் ஒரு பொற்கொல்லர் கொம்பைத் திருடி உருக்கிவிட்டார். மிஞ்சியது படம்தான்.

பொருள்? ‘குன்ய’ என்றால் குலம். ‘இங்’ சேர்ந்தால் குலத்தில் வந்தவன். இதே வேர் லத்தீனில் ‘கெனுஸ்’ (இதன் ககரம் கங்கையின் முதல் எழுத்துபோல), சமஸ்கிருதத்தில் ‘ஜன’; ஜெர்மானியத்தில் மட்டும் முதல் ஒலி ‘க’வாக மாறிவிட்டது. ஆக, நாம் ஓட்டுப் போடும் ஜனநாயகத்தின் ‘ஜன’மும் கிங்கும் ஒரே வேர். இதைப் படித்ததும் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டேன்.

"அப்ப இங்க ராஜா யாரு?" என்றான் பையன். 1918 அக்டோபரில் ஃபின்லாந்து நாடாளுமன்றம் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தது. அவரும் ஜெர்மானியர், ஹெஸ்ஸே இளவரசர் ஃப்ரெடரிக் கார்ல். ஜெர்மனி போரில் தோற்றதும் டிசம்பரில் வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டார். முடிசூட்டிக்கொள்ள இந்தப் பக்கம் வரவேயில்லை.

சொல்லி முடிப்பதற்குள் பையன் காய்களை அடுக்கிவிட்டான். இந்த முறை எனக்கு வெள்ளை.