காபூல் பனி: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 5

மார்கழி முடியப்போகிறது. விடிகாலையில் மொட்டை மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவர் ஈரமாக இருக்கிறது. இதைத்தான் நாம் பனி என்கிறோம். காபூலில் முழங்கால் புதையக் கொட்டுவதற்கும் அதே சொல்தான்.

1842 ஜனவரியில் காபூலிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பின்வாங்கியது. கூடவே போன, படை அதிகாரி ஒருவரின் மனைவி லேடி சேல் எழுதிய நாட்குறிப்பை, அந்தந்தத் தேதியில் அன்றைய பக்கம் மட்டும் படிப்பது என்று வைத்திருக்கிறேன். முன்பு ஒரே மூச்சில் படித்தபோது போர்க்கதை போல ஓடிவிட்டது.

ஃப்ளோரென்ஷியா சேல் 1790-ல் பிறந்தது நம் மெட்ராஸில். தாத்தா அலெக்சாண்டர் விஞ்ச் இங்கே கவர்னர். அந்த அம்மாளின் பனியை மெட்ராஸ்காரி ஒருத்தி படிப்பதில் தப்பில்லை.

மூட்டை கட்டிய பிறகும் ராத்திரி உட்கார்ந்து நாலு வரி எழுதியிருக்கிறார். மறுநாள் காலையில் தாள்களை ஒரு சின்னப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். கட்டியிருந்த துணியும் அந்தப் பையும்தான் கடைசியில் மிஞ்சின.

ஜனவரி 6

புறப்பட்ட நாள். படையாட்கள் சுமார் 4,500 பேர், கூட வந்தவர்கள் சுமார் 12,000 பேர். சமையற்காரர், குதிரைக்காரர், தண்ணீர் சுமப்பவர், ஆயாக்கள், சிப்பாய்களின் பெண்டு பிள்ளைகள், பெரும்பாலும் இந்துஸ்தானத்து ஜனங்கள். போய்ச் சேர வேண்டிய ஜலாலாபாத் ஏறக்குறைய 145 கிலோமீட்டர். முதல் நாள் பத்துக் கிலோமீட்டர்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. விறகு தீர்ந்துபோய், சாப்பாட்டு மேஜையை வெட்டி அடுப்பெரித்திருக்கிறார்கள். மஹோகனி மரம்! எந்தத் தளபதியின் அறிக்கையிலும் இது இருக்காது. என் ஆத்தா வீட்டுக் கணக்கு நோட்டில் "உமி 2 மூட்டை" என்று எழுதுவாள், அதே கை.

ஏன் வந்தது இந்த வினை? 1839-ல் கம்பெனியார் பழைய ஆப்கான் அரசர் ஷா ஷுஜாவைக் கொண்டுபோய் அரியணையில் உட்கார வைத்தார்கள். கணவாய்களைத் திறந்து வைக்க கில்ஜாய் பழங்குடித் தலைவர்களுக்கு வருஷம் ரூ. 80,000 கொடுத்துவந்ததை, மிச்சம் பிடிக்கிறேன் என்று காபூலில் இருந்த ஆங்கிலேயத் தூதர் மக்நாட்டன் 40,000 ஆக்கினார். அவர்கள் கணவாயை அடைத்தார்கள். 1841 நவம்பர் 2-ல் கம்பெனி அதிகாரி பர்ன்ஸ் கொலை. டிசம்பர் 23-ல் மக்நாட்டனே கொலை. படைத்தலைவர் எல்ஃபின்ஸ்டனுக்குக் கீல்வாதம், முடிவெடுக்கவும் முடியாது. அவரையும் மற்ற அதிகாரிகளையும் அந்த அம்மாள் கிழிக்கிற கிழி இருக்கிறதே, மாமியார் தோற்றாள்.

ஜனவரி 8

இன்றைய பக்கம் படித்துவிட்டுச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

காலையில் குளிருக்கு ஒரு டம்ளர் ஷெர்ரி குடிக்கிறார். வேறு நாளானால் மானம் போயிருக்கும், இன்று உடம்பு சூடானதோடு சரி என்கிறார். மூன்று நாலு வயசுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்களாம், ஒன்றும் ஆகவில்லையாம். பிறகு குர்த் காபூல் கணவாய். இருபுறமும் மலை, மேலிருந்து துப்பாக்கிச் சூடு. கையில் ஒரு குண்டு பாய்ந்தது. ஆட்டுத்தோல் அங்கியை மூன்று குண்டுகள் துளைத்துப் போயின. அதையும் எண்ணி எழுதிவைத்திருக்கிறார். வயது 51.

அன்று செத்தவர்கள் அவர் கணக்கில் சிப்பாய்கள் 500, கூட வந்தவர்கள் 2,500. ராத்திரி ஒரே கூடாரம். குளிரில் விறைத்த சிப்பாய்களும் வேலைக்காரர்களும் உள்ளே புகப் பார்த்தார்கள், பலர் கூடாரத்தைச் சுற்றியே செத்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன்.

பழைய குதிரைப் போர்வைகளைக் கிழித்து, ஆப்கானியர் மாதிரி காலில் சுற்றிக்கொள்ளக் கொடுங்கள் என்று கம்பெனி அதிகாரி பாட்டிஞ்சர் புறப்படுமுன்பே சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கந்தல் துணிதானே, காசா பணமா.

ஜனவரி 9

மருமகன் ஸ்டர்ட் நேற்றைய காயத்தில் இறந்தார். மகள் கர்ப்பிணி. அடக்கம் செய்ய முடிந்ததே பெரிய ஆறுதல் என்பதுபோல எழுதுகிறார். அன்றே பெண்களையும் குழந்தைகளையும் ஆப்கானியத் தலைவர் அக்பர் கான் காவலில் ஒப்படைத்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்களைத்தான். சிப்பாய் வீட்டுப் பெண்கள் பனியிலேயே நடந்தார்கள்.

ஜனவரி 10

தலைவலி. படிக்கவில்லை.

ஜனவரி 12

விதியை மீறிச் சிறைவாசப் பக்கங்களுக்குத் தாவிவிட்டேன். பேன்களுக்குக் காலாட்படை, தெள்ளுப்பூச்சிகளுக்குக் குதிரைப்படை என்று பெயர் வைத்துச் சிரிக்கிறார்கள். பிப்ரவரி 19-ல் நிலநடுக்கம். ஜூலையில் பேத்தி பிறந்தாள். செப்டம்பரில்தான் விடுதலை, அதுவும் காவல் அதிகாரிக்கு ரூ. 20,000 தருவதாக எழுதிக்கொடுத்து. ஒரு வருஷம் முன்பு மிச்சம் பிடித்த 40,000 நினைவுக்கு வந்தது.

ஜனவரி 13

கந்தமக் குன்றில் கடைசிக் கூட்டமும் விழுந்த நாள். மதியம் போல படை மருத்துவர் டாக்டர் பிரைடன் தன்னந்தனியாக ஜலாலாபாத் வந்து சேர்ந்தார். அந்தக் கோட்டையில் காத்திருந்தவர் லேடி சேலின் கணவர் ராபர்ட் சேல். வழிதவறியவர்கள் பார்த்து வரட்டும் என்று இரவுகளில் வாசலில் விளக்கேற்றி பியூகிள் ஊதச் செய்தார். வந்தவர்கள் மிகச் சிலர்.

ஒரே ஆள் என்று பிரைடன் பெயர் நின்றுவிட்டது. அவர் ஏறிவந்த மட்டக்குதிரை அவருடையது இல்லை. காயம்பட்டு இனி உட்கார முடியாத ஒருவர், நீ எடுத்துக்கொள் என்று கொடுத்தது. லாயத்தில் விட்டதும் அது படுத்துச் செத்துப்போயிற்று. கொடுத்தவர் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மணி பதினொன்று.