ஐசியூ வாசல்ல உக்காந்திருக்கறவங்கள யாரு கேக்கறது?

அப்பா ஐசியூல இருந்து திரும்பி வரல. ஆனா அங்க அவர பாத்துகிட்ட விதத்துல எங்களுக்கு திருப்தி தான். இத சொன்னா சில பேரு ஒரு மாதிரி பாக்கறாங்க, ஆளே போயிட்டாரு அப்புறம் என்ன திருப்தின்னு.

இது எங்க வீட்ல மட்டும் நடந்தது இல்ல. ஐசியூ நோயாளிங்களோட குடும்பத்துகிட்ட திருப்தியான்னு கேக்கறதுக்குன்னே எஃப்எஸ்-ஐசியூ 24னு ஒரு ஃபார்ம் இருக்கு, கனடால ஆரம்பிச்சது. வலிய, மூச்சுத்திணறல எப்படி கவனிச்சாங்க, உண்மைய சொன்னாங்களா, ஒரு டாக்டர் சொன்னதும் இன்னொருத்தர் சொன்னதும் ஒத்துப்போச்சா, முடிவு எடுக்க டைம் குடுத்தாங்களா, இப்படி 24 கேள்வி. அத வச்சு அமெரிக்கால பண்ணி 2007ல வந்த ஒரு ஆய்வுல, பொழச்சவங்க குடும்பத்த விட இறந்தவங்க குடும்பம் தான் கூடுதல் திருப்தி சொல்லியிருக்காங்க. கடைசி கட்டம்னு வந்துட்டா டாக்டருங்க உக்காந்து பேசறாங்க, நம்மள கேட்டு முடிவு பண்றாங்க, அதுதான் காரணம்னு எனக்கு தோணுது. தேறி வர்றவங்க வீட்டுக்கு "இம்ப்ரூவ் ஆகுது"ன்னு ஒரு வார்த்தை தான் கெடைக்குது.

ஆனா குடும்பம்னா யாரு? இங்க சிங்கப்பூர்ல ஐசியூல பொதுவா குடும்பத்து சார்பா பேச ஒருத்தர தான் ஸ்போக்ஸ்பெர்சன்னு வச்சுக்கறாங்க, எங்க வீட்ல அண்ணன். டாக்டர் அவன்கிட்ட இங்கிலீஷ்ல பத்து நிமிஷம் பேசுவாரு, அவன் வெளிய வந்து அம்மாகிட்ட "ஓகே தான்மா, பாத்துகிட்டு இருக்காங்க"ம்பான். அவனயும் குத்தம் சொல்ல முடியாது, வென்டிலேட்டர், டயாலிசிஸ், பிரஷர் மருந்து எல்லாத்தயும் அழாம தமிழ்ல சொல்றது அவனுக்கு முடியல. அம்மாவுக்கு நெலம புரிஞ்சதே ஒரு மலாய்க்கார மிஸ்ஸியால (நர்ஸால) தான். அம்மா மலாய் கம்பத்துல, அதாவது கிராமத்துல வளந்தவங்க, மலாய் நல்லா வரும், அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து மலாய்லயே சொல்லிச்சு, மூச்ச மெஷின் தான் விடுது மக்சிக் (மலாய்ல அத்தை மாதிரி), தூங்கறதுக்கு மருந்து போகுது, அவருக்கு வலிக்காம பாத்துக்கறோம்னு. அதுக்கப்புறம் தான் அம்மா ஒரு வாய் சாப்ட்டாங்க.

பிரான்ஸ்ல 2000ல வந்த ஒரு ஆய்வுல, டாக்டர் பேசி முடிச்ச அப்புறமும் பாதிக்குப் பாதி குடும்பங்களுக்கு நோய் என்ன, வைத்தியம் என்ன, பொழப்பாங்களான்னு எதாவது ஒண்ணு சரியா புரியல, அதுக்கு அந்த ஊரு மொழி தெரியாததும் ஒரு காரணம். நாலு அதிகாரத்துவ மொழி இருக்கற ஊர்ல இருக்கற நமக்கு இது புதுசா என்ன?

எல்லாம் முடிஞ்சு ஃபீட்பேக் ஃபார்ம் வந்தப்பவும் அண்ணன் கைக்கு தான் வந்துச்சு. டாக்டர் விளக்கினதுக்கு நல்ல மார்க் போட்டான், அவனுக்கு அது உண்மை. அந்த மிஸ்ஸிய பத்தி அவனுக்கு தெரியவே தெரியாது. ராத்திரி பூரா ஏர்கான் குளிர்ல வெளிய உக்காந்திருந்த அம்மாகிட்ட யாருமே ஒண்ணும் கேக்கல.

அதனால ஐசியூல ஆள் இருக்கற வீட்டுக்காரங்க ஃபேமிலி மீட்டிங்னு கூப்ட்டா அம்மா, பாட்டி, பெரியம்மா யாரா இருந்தாலும் உள்ள கூட்டிட்டு போங்க, தமிழ் தெரிஞ்ச ஸ்டாஃப் ஒருத்தர் கூட இருக்கணும்னு முன்னாடியே கேளுங்க. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், ஃபார்ம் குடுக்கறப்போ தமிழ்லயும் ஒண்ணு சேத்து குடுங்க, எழுதப் படிக்க வராதவங்கள பக்கத்துல உக்காந்து வாயால கேட்டு எழுதிக்கோங்க.