வாடிக்கையாளர் தளங்களுக்குப் படிவக் கருவி தேடிய கதை

மண்டபத்தில் இருந்தபடி சிறு வணிகர்களுக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதிக்கும் பாம்பனில் ஒரு கருவாட்டுக் கடைக்கும் ஒரே படிவக் கருவியை (தளத்துக்கு வருபவர் தம் விசாரணையை நிரப்பி அனுப்பும் படிவத்தை உருவாக்கும் மென்பொருளை) வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நான் நினைத்ததில்தான் சிக்கல் தொடங்கியது.

விடுதிக்கு முதலில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் இலவசத் திட்டத்தை எடுத்தேன். பெட்டிகளை இழுத்து வைத்தால் போதும், அரை மணி நேரத்தில் அழகான படிவம் தயாராகிவிடும். மாதத்துக்கு 100 பதிவுகள்தான் என்ற வரம்பைப் படித்தேன். வழக்கமான மாதங்களில் 40 விசாரணைகளுக்கு மேல் வராது என்பதால் பொருட்படுத்தவில்லை. ஆடி அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது விடுதி அண்ணன் அழைத்தார்: "தம்பி, ஊருக்குள்ள கால் வைக்க இடமில்ல, நம்ம தளத்துல மட்டும் ஒருத்தர்கூட ரூம் கேக்கலையே?" திறந்து பார்த்தால், வரம்பு முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டுமே படிவம் இருந்த இடத்தில் நின்றது.

கட்டணத் திட்டத்துக்கு மாறலாம் என்றால், அது டாலரில் மாதச் சந்தா. தானாகப் பணம் பிடிக்கும் பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கொண்டுவந்த விதிகளுக்குப் பின், வெளிநாட்டு நிறுவனங்களின் சந்தா எல்லா அட்டைகளிலும் சிக்கலின்றிப் போய்விடுவதில்லை. என் அட்டையில் இரண்டு முறை திரும்பியது. கருவாட்டுக் கடையின் நிலை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வியாபாரமும் மந்தமாகிவிடும். சந்தா மட்டும் தவறாமல் கேட்கும்.

ஆகவே கடைக்குக் கூகுள் படிவத்தையே வைத்தேன். செலவில்லை, பதில்கள் நேராக விரிதாளில் வந்து விழுகின்றன. அதைச் சிஎஸ்வி கோப்பாக (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) தரவிறக்கி எக்செலில் நேரடியாகத் திறந்தபோது நெத்திலியும் திருக்கையும் வாளையும் படிக்க முடியாத குறிகளாகச் சிதறியிருந்தன. அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறியீட்டு முறை) என்று குறிப்பிட்டுத் திறந்தால் தமிழ் ஒழுங்காக வரும் என்று கண்டுபிடிக்க ஒரு மாலை போனது.

விடுதிக்கு இது ஒத்துவரவில்லை. அடையாள அட்டை நகலைப் படிவத்திலேயே வாங்க வேண்டும் என்று அண்ணன் விரும்பினார். கூகுள் படிவத்தில் கோப்பு ஏற்ற வேண்டுமானால் நிரப்புபவர் தம் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். தர்ப்பணத்துக்கு வரும் பெரியவர்களிடம் கடவுச்சொல் கேட்பது நடக்கிற காரியமல்ல. அதைவிட, ஊர் பேர் தெரியாதவர்களின் ஆதார் நகல்களை நாம் ஏன் சேர்த்து வைத்துக்கொண்டு பொறுப்பைச் சுமக்க வேண்டும் என்று கேட்டேன். அறைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

பிறகு, வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் இயங்கும் விடுதித் தளத்திலேயே, காண்டாக்ட் ஃபார்ம் 7 என்ற படிவச் செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) நிறுவினேன். அது விசாரணையை மின்னஞ்சலாக அனுப்புமே தவிர, தானாக எதையும் தரவுத்தளத்தில் சேமிப்பதில்லை. மின்னஞ்சல் தவறினால் விசாரணையும் தொலைந்தது. அதே ஆசிரியரின் ஃபிளமிங்கோ என்ற இன்னொரு செருகுநிரலைச் சேர்த்தால்தான் பிரதி தங்கும். முதல் வாரம் வந்த மின்னஞ்சல்களில் பாதி எரிதப் பெட்டியில் (ஸ்பேம்) கிடந்ததற்குக் காரணம் நான்தான்: அனுப்புநர் இடத்தில் பயணியின் ஜிமெயில் முகவரியை வைத்திருந்தேன். ஜிமெயில் பெயரில் எங்கள் சேவையகம் கடிதம் அனுப்பினால் பெறுபவர் தரப்பு அதைப் போலி என்றுதானே எண்ணும்? அனுப்புநராகத் தளத்தின் சொந்த முகவரியையும், பதில் போக வேண்டிய இடத்தில் பயணியின் முகவரியையும் வைத்து, எஸ்எம்டிபி (மின்னஞ்சல் கணக்கில் நுழைந்து அனுப்பும் முறை) வழியாக அனுப்பியதும் அது தீர்ந்தது.

ஆனால் அண்ணன் மின்னஞ்சலே திறப்பதில்லை என்பதை இவ்வளவும் முடித்த பிறகுதான் அறிந்தேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இப்போது படிவம் அனுப்பியதும் வரும் நன்றிப் பக்கத்தில் ஒரு வாட்ஸ்அப் பொத்தான் இருக்கிறது; அதை அழுத்தினால் விடுதி எண்ணுக்கு அறை கேட்கும் செய்தி தயாராக நிற்கும், பயணி தேதியைச் சேர்த்து அனுப்பினால் போதும். கடையின் கூகுள் கணக்கையும் என் பெயரிலிருந்து கடைக்காரர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.