சர்ரேயில் கைவிட்ட கால்வாய்கள், கிளன்மார்கன் கண்ணோடு

மகள் குடியிருப்பது இங்கிலாந்தின் தெற்கே, சர்ரே மாவட்டத்தில், வோக்கிங் என்ற ஊரில். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் பேசிங்ஸ்டோக் கால்வாய். போகும்போதெல்லாம் காலையில் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் நேரே அதன் கரைக்குப் போய்விடுவேன். குன்னூரில் இருக்கும் நண்பர்கள் பலர் பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறார்கள்; லண்டன் அரண்மனையையும் பாலத்தையும் பார்த்துவிட்டு, மீதி நாளெல்லாம் வீட்டுக்குள் குளிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

எனக்குக் கால்வாய்ப் பித்து வந்ததற்குக் காரணம் வேலை. மின்வாரியத்தில், பைக்காரா பக்கம் நெடுங்காலம் இருந்தேன். பைக்காரா தண்ணீர் கால்வாய் வழியாகக் கிளன்மார்கன் ஃபோர்பே என்ற முன்தேக்கத்துக்கு வந்து, அங்கிருந்து குழாயில் சிங்காரா மின்நிலையத்துக்கு விழும். கால்வாய்க் கரையிலேயே நடந்து, எங்கே கசிகிறது, எங்கே கரை சரிகிறது என்று பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் வயதில் மூத்த மேஸ்திரி ஒருவர். மாசி, பங்குனியில் மலை முழுக்கப் புல் காய்ந்து கிடக்கும்போது, கரைக்குக் கீழே ஒரு திட்டு மட்டும் பச்சையாக நிற்கும். "சார், தண்ணியத் தேடாதீங்க, புல்லப் பாருங்க" என்பார். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

ஒரு வித்தியாசத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் கால்வாய் தண்ணீரைக் கொண்டுபோவது, அதனால் சிறிதளவாவது சரிவு இருக்கும். அவர்களுடையது படகு போவதற்கு. அது மைல் கணக்கில் ஒரே மட்டத்தில் கிடக்கும். மேடு வந்தால் லாக். இரண்டு பெரிய மரக்கதவுகளுக்கு நடுவே செங்கல்லோ கருங்கல்லோ கட்டிய தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, மேலிருந்து தண்ணீரை நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். இதில் மோட்டார் எதுவும் கிடையாது. கதவை இடுப்பால் தள்ளித்தான் திறக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடுகிறது. மேல் மட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் ஒவ்வொரு கால்வாயின் தலையெழுத்தும்.

பேசிங்ஸ்டோக் கால்வாய் 1794-இல் திறக்கப்பட்டது. வெய் ஆற்றிலிருந்து பேசிங்ஸ்டோக் ஊர் வரை 37 மைல், 29 லாக். மரமும் மாவும் லண்டனுக்குப் போக வேண்டும் என்று வெட்டியது. எதிர்பார்த்த வருமானம் ஒருநாளும் வரவில்லை, அப்புறம் ரயிலும் வந்துவிட்டது. 1913-இல் ஹார்ம்ஸ்வொர்த் என்ற படகுக்காரர், நெடுநாள் படகு ஓடாவிட்டால் கால்வாய் உரிமை போய்விடும் என்ற பயத்தில், சேறும் களையும் அடைத்துக் கிடந்த வழியில் ஒரு படகை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனார். கடைசி வரை போய்ச் சேர முடியவில்லை. குளிர்காலத்தில், கணுக்கால் ஆழத் தண்ணீரில், ஒரு முழுப் படகை இழுத்த அந்த ஆட்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

இதன் மேற்குக் கோடியில் இருக்கும் கிரேவெல் சுரங்கத்தைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். 1,125 மீட்டர் நீளம். பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய அதே 1932-இல் இதன் நடுப்பகுதி இடிந்து விழுந்தது. அதோடு பேசிங்ஸ்டோக் கால்வாய்க்குப் பேசிங்ஸ்டோக் இல்லாமல் போயிற்று. ஊருக்குள் படகுத்துறை இருந்த இடத்தில் இப்போது பஸ் நிலையமும் கடைகளும். சுரங்கத்தின் கிழக்கு வாசலில் ஒரு கம்பிக் கதவு. அதன் பின்னால் இருட்டு. ஆயிரக்கணக்கில் வௌவால்கள் குடியிருக்கின்றன. நேட்டரர் வௌவால் என்ற இனத்துக்கு பிரிட்டனிலேயே மிகப் பெரிய உறைவிடங்களில் இது ஒன்று என்கிறார்கள். அவற்றைக் கலைக்கச் சட்டம் இடம் கொடுக்காது.

வாசலில் நின்று நான் பார்த்தது வௌவாலை அல்ல, தண்ணீரை. சுண்ணாம்புப் பாறை ஊற்று அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே சுரக்கிறது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இடிந்துபோன அந்தச் சுரங்கம்தான் இன்றைக்கும் கீழே உள்ள கால்வாய்க்கு உயிர் கொடுக்கிறது. படகு நின்று தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆன ஒரு கட்டுமானம் இன்னும் தன் வேலையில் பாதியைச் செய்துகொண்டிருக்கிறது என்பது என்னைப் போன்ற ஆளுக்குப் பெரிய விஷயம். பக்கத்திலேயே ஜான் மன்னர் கட்டிய ஓடிஹாம் கோட்டையின் இடிபாடும் இருக்கிறது. மகளுக்கு அது பிடித்தது. நான் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்ப ஊற்றுக்கே வந்துவிட்டேன்.

இந்தக் கால்வாயை மீட்டவர்கள் பொதுமக்கள். 1966-இல் ஒரு சங்கம் தொடங்கி, சனி ஞாயிறுகளில் மண்வெட்டியோடு வந்து, பழைய நீராவித் தூர்வாரியை ஓட்டி, லாக் கதவுகளைப் புதிதாகச் செய்து, 1991-இல் படகு விட்டார்கள். அப்படியும் கோடையில் தண்ணீர் போதாமல் லாக்குகளைப் பூட்டிவிடுவதுண்டு. அதனால் படகு குறைவு. நடப்பவனுக்கு அது நல்லதுதான்.

சரி, உண்மையிலேயே கைவிடப்பட்ட கால்வாய் பார்க்க வேண்டுமானால் வெய் அருண் கால்வாய்க்குப் போக வேண்டும். கில்ட்ஃபோர்டுக்குத் தெற்கே தொடங்கி சசெக்ஸ் வரை 23 மைல். அதன் கதையைக் கேட்டால் மனசு கனக்கும். பிரெஞ்சுக்காரர்களோடு போர் நடந்த காலம். லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத்துக்குச் சரக்கு கடல் வழியாகப் போனால் எதிரி பிடித்துவிடுவான், உள்நாட்டு வழி வேண்டும் என்றார்கள். 1813-இல் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. எக்ரமாண்ட் பிரபு பெரும்பணம் போட்டார், ஜோசையஸ் ஜெசப் பொறியாளர். 1816-இல் வேலை முடிந்து திறந்தபோது, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் முடிந்து ஓராண்டு ஆகிவிட்டது. கடல் வழியில் பயமில்லை. உச்சி மட்டத்தில் எப்போதும் தண்ணீர்ப் பஞ்சம் வேறு. 1865-இல் கில்ட்ஃபோர்டிலிருந்து ஹார்ஷாமுக்கு ரயில் ஓடியது. 1871-இல் கால்வாயை மூடிவிட்டார்கள்.

அந்த ரயிலையும் 1965-இல் மூடிவிட்டார்கள். இப்போது அது டவுன்ஸ் லிங்க் என்ற நடைபாதை. சில இடங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, கொன்றதும் செத்ததும். அங்கே நடக்கும்போது நம்ம மலை ரயிலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்த ரயில் இன்றும் பல்சக்கரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. சரக்குக்கு லாரி வந்து எத்தனையோ காலமாயிற்று. ஏறி உட்கார ஆள் இருப்பதால்தான் ஓடுகிறது.

ஆல்ஃபோல்டு பக்கத்தில் சிட்னி உட் என்று ஒரு காடு. வரைபடத்தில் அங்கே மெல்லிய கோடு போட்டு, கைவிடப்பட்ட கால்வாய் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆரஞ்சு அட்டை போட்ட ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம், கடையில் கிடைக்கும், அது இல்லாமல் போகாதீர்கள். காட்டுக்குள் நுழைந்தால் கால்வாய் எங்கே என்று ஒரு நிமிடம் திகைப்பாக இருக்கும். ஓக் மரங்கள் படுகைக்குள்ளேயே முளைத்துப் பெரிதாகிவிட்டன. அப்போதுதான் மேஸ்திரி சொன்ன பாடம் கைகொடுத்தது. சுற்றிலும் காய்ந்த சருகு, ஒரு வரிசையில் மட்டும் கோரையும் பாசியும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பாதை வளைந்து வளைந்து போகிறது. நேரே போக வசதி இருந்தும் ஏன் இந்த வளைவு? மட்டம் மாறக் கூடாது, அதனால் மலைச்சரிவை ஒட்டியே திருப்பியிருக்கிறான். நம் தேயிலைத் தோட்டத்தில் சம உயரத்தில் வெட்டிய பாதையில் நடந்து பழகிய கால்களுக்கு இது உடனே பிடிபடும். தண்ணீர் போய் 150 ஆண்டு ஆகியும் அந்த மட்டம் அப்படியே இருக்கிறது.

சும்மா தண்ணீர் விட்டால் திரும்ப ஓடாதா என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் சிமெண்ட் பூச்சு கிடையாது. களிமண்ணில் நீர் விட்டு, ஆளும் மாடும் மிதித்துக் குழைத்து, அடியிலும் பக்கத்திலும் அடித்து இறுக்குவார்கள். ஈரமாக இருக்கும் வரை அது ஒரு சொட்டு விடாது. வற்றிக் காய்ந்துவிட்டால் வெடித்துவிடும், அப்புறம் மரவேர் அந்த வெடிப்பில் நுழையும். காய்ந்த கால்வாயை மீட்பது புதிதாக வெட்டுவதற்குச் சமம். அதனால்தான் ஆள் போகாத கால்வாயிலும் தண்ணீரை மட்டும் வைத்திருங்கள் என்று அங்கே மன்றாடுகிறார்கள்.

லாக்ஸ்வுட் கிராமத்தில் சில மைல் மீட்டிருக்கிறார்கள். 1970-இல் தொடங்கிய தன்னார்வலர் முயற்சி, இன்னும் நடக்கிறது. ஆற்றுக்கு மேலே தண்ணீர்ப்பாலம் ஒன்றைப் புதிதாகக் கட்டி, அதில் படகு விடுகிறார்கள். நாங்கள் போன அன்று லாக் கதவைத் திறந்துவிட்டவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கால்வாய் வேலை பார்த்தவன் என்று மகள் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கால்வாயில் சரிவு எவ்வளவு, இலை குப்பையை எப்படித் தடுப்பீர்கள், மண்சரிவு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. மகள்தான் எனக்கும் அவருக்கும் நடுவே மொழிபெயர்த்தாள். படகு கிளம்ப நேரமாகியும் விடவில்லை. அந்த ஆளுக்குச் சம்பளம் கிடையாது.

தாவரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே கால்வாய்க் கரையெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்பது இமயமலைக் காசித்தும்பை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுபோனது, இப்போது பிற செடிகளை நெருக்குகிறது. விதை வெடிக்கும் முன் தன்னார்வலர்கள் பிடுங்கிப் போடுகிறார்கள். இன்னொரு நாள் பேசிங்ஸ்டோக் கால்வாயின் டீப்கட் லாக்குகளுக்குப் பக்கத்துப் பொட்டலில் மஞ்சள் பூத்த முள்புதர் ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கார்ஸ். நம் ஊட்டிப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் அதே செடி, தன் சொந்த மண்ணில், எல்லாவற்றோடும் ஒத்து நிற்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிரேவெல்லுக்கு லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து பேசிங்ஸ்டோக் போகும் ரயிலில் ஹுக் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். குளிர்காலத்தில் கரை முழுக்கச் சேறு, நல்ல பூட்ஸ் வேண்டும். கோடையில் முழுக்கால் பேண்ட் போடுங்கள். அங்கே நெட்டில் இடுப்புயரம் வளரும். நம் காஞ்சொறி அளவுக்குக் கொடுமை இல்லை என்றாலும் ஒரு மணி நேரம் எரியும். நேரம் இருந்தால் வில்ட்ஷயரில் கிராஃப்டன் போய்வாருங்கள். கென்னட் ஏவன் கால்வாயின் உச்சி மட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றிய 1812-ஆம் ஆண்டு நீராவி எஞ்சின், வைத்த இடத்திலேயே, குறிப்பிட்ட நாட்களில் இன்றும் ஓடுகிறது. மின்வாரிய நண்பர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

திரும்பி வந்த பிறகு நான் செய்துகொண்டிருக்கும் வேலை ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக்கு மேலே, எஸ்டேட் ஃபாக்டரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய வாய்க்கால் ஒன்று கிடக்கிறது. 2009 நவம்பர் மண்சரிவில் ஒரு பகுதி போய்விட்டது. மீதியைக் காட்டெருமை மிதித்து வைத்திருக்கிறது. லாண்டானாவை வெட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அதன் வழியைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்து வருகிறேன். கல் கட்டிய மதகு இரண்டு இதுவரை கிடைத்திருக்கிறது. தண்ணீர் எடுத்த தலைப்பு எந்த ஓடையில் என்று மட்டும் தெரியவில்லை. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் இப்படிப் பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால், கேட்டு எழுதி அனுப்புங்கள். மே மாதம் பேரன் வருகிறான், அவனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன்.